கழுவாத சட்டி

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் பதினாறாம் நாள் விசேஷம். போய்ச் சேர்ந்தவர் 84 வயது அம்மாள், ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் சின்ன வயதிலேயே தவறிவிட, நான்கு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்து ஆளாக்கியவர். முந்தின நாள் சாயங்காலமே நானும் என் ஆட்கள் ஐந்து பேரும் பாத்திரங்களோடு போய் இறங்கிவிட்டோம். மறுநாள் 150 இலை. அன்று ராத்திரி வீட்டு ஆட்களுக்கு மட்டும் சின்னதாக ஒரு சமையல்: சோறு, ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். துக்க வீட்டில் ராத்திரி அதற்குமேல் யாருக்கும் இறங்காது.

மூத்த மகள் புனேயிலிருந்து வந்திருந்தார். அவருக்கே 60 வயது இருக்கும். ரசத்தை விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். இரண்டாவது வாய்க்குக் கை போகவில்லை.

"நல்லாருக்கு அண்ணாச்சி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா ரசம் இப்படி இருக்காது" என்றார்.

இந்தப் பேச்சை நான் கேட்காத வீடு கிடையாது. "அம்மா கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்று ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவதுதான் தொழில் வழக்கம். அன்றைக்கு அப்படி நகர முடியவில்லை. அவர் மேலே சொன்னார்: "பதினஞ்சு நாளா நானே வச்சுப் பாக்குதேன். வரமாட்டேங்கு. நாளைக்கு அம்மா இலையில அந்த ரசத்தத்தான் வைக்கணும்னு ஆசை."

ராத்திரி எட்டரை மணிக்கு அந்த வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து, போன மனுஷியின் ரசத்தைத் தேட ஆரம்பித்தேன்.

எப்படி இருக்கும் என்று கேட்டேன். ருசியைப் பற்றி யாரிடமும் நேராகக் கேட்டால் பதில் வராது. "நல்லா இருக்கும்" என்பார்கள். அதனால் நிறம் என்ன, தெளிவாக இருக்குமா கலங்கலாக இருக்குமா, சோற்றில் விட்டால் சோறு என்ன நிறமாகும், அடி வண்டலில் என்ன கிடக்கும், எந்த நேரத்தில் வைப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கொஞ்சம் கறுத்திருக்கும் என்றார் மகள். ஒரு வறுத்த வாசனை வரும் என்றார் தம்பி. அடியில் மிளகாய் விதை கிடக்கும் என்றார் இன்னொரு தம்பி.

கறுப்பு என்றதும் எனக்குப் பழம்புளி என்று பட்டது. வருஷம் கடந்த புளி கறுத்து, புளிப்பு தணிந்து, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். எடுத்து வைத்துப் பார்த்தேன். ருசித்துவிட்டு இல்லை என்றார். வறுத்த வாசனை என்றார்களே என்று பருப்பு, மல்லி, மிளகு எல்லாம் சிவக்க வறுத்துப் பொடித்து அடுத்த ரசம் வைத்தேன். அதுவும் இல்லை. ஈயச் சொம்பாக இருக்குமோ என்று ஆள் அனுப்பி என் வீட்டிலிருந்து சொம்பை எடுத்து வரச் சொன்னேன். வெள்ளீயத்தில் வைத்த ரசத்துக்கு ஒரு தனி வாகு உண்டு. வெள்ளீயம் 232 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். அதனால் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றக் கூடாது, புளித்தண்ணீரை விட்டுத்தான் ஏற்ற வேண்டும். புதுப்பையன்கள் ஒரு சொம்பையாவது உருக்கித்தான் இதைப் படிப்பார்கள். சொம்பு வந்து சேர்ந்த பிறகுதான், அந்த வீட்டில் இருந்த ஈயச் சொம்பைப் பள்ளிக்கூடக் கட்டணத்துக்காக எப்போதோ விற்றுவிட்டார்கள் என்று தெரிந்தது. பிள்ளைகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஈய ரசமே கிடையாது.

பதினோரு மணி இருக்கும். கூடத்து மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த சித்தி, இறந்தவரின் தங்கை, அதுவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். "துவையலுக்கு வறுத்த சட்டிய அக்கா கழுவ மாட்டா. அதுலயே ரசத்தக் கூட்டிருவா. எண்ணெ மிச்சம்லா" என்றார்கள்.

மகள் திரும்பிப் பார்த்தார். "எண்ணெய்க்கா?" என்று மட்டும் கேட்டார்.

சித்தி பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. ஒரு வாத்தியாரம்மா சம்பளத்தில் நான்கு பிள்ளைகள். துவையலுக்கு வறுக்க ஒரு கரண்டி எண்ணெய், ரசம் தாளிக்க இன்னொரு கரண்டி எண்ணெய் என்று செலவழிக்கிற வீடாக அது இருந்ததில்லை.

இரும்புச் சட்டி பரணில் கிடந்தது. இறக்கித் துடைத்து, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, துவரம்பருப்பும் மிளகாய் வற்றலும் பெருங்காயக் கட்டியும் போட்டு வறுத்தேன். பருப்பு சிவந்ததும் தேங்காயைப் போட்டுப் புரட்டி, எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டேன். சட்டியில் கொஞ்சம் சிவந்த எண்ணெய், பருப்புத் தூள், நாலைந்து மிளகாய் விதை, ஓரத்தில் ஒட்டிக் கருகிய தேங்காய்த் துருவல். அதிலேயே கடுகைப் போட்டு, வெடித்ததும் புளிக்கரைசலை விட்டேன். இரும்பில் காய்ந்த எண்ணெயும் புளியும் சேரும்போது ஒரு சத்தம் வரும். அதோடு ஒட்டியிருந்த கருகலெல்லாம் புளியில் இளகி மேலே வரும். புளித்தண்ணீர் இரும்பில் கொதித்தால் கறுக்கவும் செய்யும். நிறம், வறுத்த வாசனை, மிளகாய் விதை மூன்றும் அந்த ஒரே சட்டியில் இருந்தன. நான்தான் புளியிலும் பொடியிலும் சொம்பிலும் தேடிக்கொண்டிருந்தேன்.

மகள் அடுக்களை வாசலிலேயே நின்றார். ருசி பார்ப்பதற்கு முன்னால், வாசனை வந்தபோதே அவர் முகம் மாறிவிட்டது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சித்தி பக்கத்தில் போய் உட்கார்ந்து, சித்தியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் 150 பேருக்கு நான் வழக்கமாக வைக்கிற ரசம். அந்த அம்மாளுக்குப் படைத்த இலையில் மட்டும் இரும்புச் சட்டி ரசம். ஊருக்குப் போகும்போது மகள் ஒரு நோட்டில் பக்குவத்தை எழுதிக்கொண்டார். முதல் வரியாக அவர் எழுதியது: சட்டியைக் கழுவக் கூடாது.

என் அப்பா உயிரோடு இருந்து அந்த வரியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அப்பாவும் தவசுப்பிள்ளைதான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் விசேஷ வீடுகளில் சமைக்கிறவருக்கு அந்தப் பேர். சைவ மடங்களில் சமைத்தவர்களுக்கு இருந்த பேர், மெல்ல எல்லோருக்குமாகிவிட்டது. அப்பாவிடம் நான் தொழிலுக்குச் சேர்ந்தபோது முதல் இரண்டு வருஷம் எனக்குப் பாத்திரம் தேய்க்கிற வேலை மட்டும்தான். புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்த உருளியை அவர் முகர்ந்து பார்ப்பார். கூட்டு வாசனையோ குழம்பு வாசனையோ துளி இருந்தாலும் திருப்பி எறிந்துவிடுவார். ஒரு கறியின் மணம் இன்னொரு கறியில் ஏறக் கூடாது என்பது அவருக்கு வேதம். அது தொழிலுக்குச் சரி. 500 பேர் சாப்பிடுகிற இடத்தில் எல்லாமே தனித்தனியாக, சுத்தமாக, யாருக்கும் உறுத்தாமல் இருக்க வேண்டும்.

வீட்டுச் சமையலில் அந்த உறுத்தல்தான் அடையாளம் என்பது எனக்குப் புரிய ரொம்ப வருஷமாயிற்று. ஒரு வீட்டில் உப்பு ஒரு கல் கூட. இன்னொரு வீட்டில் பருப்பு முழுசாக வேகாது. ஒரு வீட்டில் கறிவேப்பிலையைக் கருக விட்டுவிடுவார்கள். அவசரமோ, பற்றாக்குறையோ, யாரோ ஒருத்தருக்குப் பல் இல்லை என்பதோ, ஏதோ ஒரு காரணம் இருக்கும். காரணம் மறந்துபோன பிறகும் ருசி தங்கிவிடும். அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனாலும் நாக்கு அந்தக் குறையைத்தான் தேடும். நல்ல சமையல்காரனின் ரசம் அவர்களுக்கு நன்றாக இருக்கும், ஆனால் யாருடையதோவாக இருக்கும்.

அப்பாவுக்கு இது தெரியாமல் இல்லை. சாமான் சிட்டை எழுத ஒரு வீட்டுக்குப் போனால், பணம் கொடுக்கிற ஆண்களோடு அவர் பேசுவது கொஞ்ச நேரம்தான். அந்த வீட்டிலேயே வயதான ஆச்சி எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்துகொள்வார். "ஆச்சி, உங்க வீட்டு அவியல்ல புளிப்புக்கு மாங்காயா தயிரா?" என்று தொடங்குவார். ஒரே தெருவில் நாலு வீட்டில் நாலு விதமாகச் சொல்வார்கள். அவியலுக்குப் புளி விடுகிற வீடும் உண்டு. ஒரு மணி நேரம் பேசி முடிக்கும்போது அந்த ஆச்சியின் மாமியார் எந்த ஊர், அந்த ஊரில் என்ன காய் விளைந்தது என்பது வரைக்கும் வந்துவிடும். அத்தனையும் கேட்டுவிட்டுத்தான் தேங்காய் எத்தனை, பருப்பு எத்தனை என்று எழுத ஆரம்பிப்பார்.

சொதிச் சாப்பாட்டுக்கு மட்டும் யாரையும் கேட்க மாட்டார். சொதியில் அவர் வைத்ததுதான் சட்டம். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்துக்கு எங்கள் பக்கம் சொதி வைப்பது வழக்கம். இரண்டு பேருக்கு ஒரு தேங்காய் என்பது அப்பா கணக்கு. துருவிப் பிழிந்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்து வைக்க வேண்டும். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் தண்ணிப்பாலில் வேகும். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுது சேர்ந்து, குழைய வேகவைத்த பாசிப்பருப்பும் சேர்ந்து, கடைசியில் முதல் பால். அது விழுந்த பிறகு கொதிக்க விடக் கூடாது, திரிந்துபோகும். விளிம்பில் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் எலுமிச்சைச் சாறு. தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தம் பண்ணாமலிருக்கக் கூடவே இஞ்சித் துவையல். சொதி வைத்துவிட்டு இஞ்சித் துவையல் வைக்காத தவசுப்பிள்ளையை எங்கள் ஊரில் மறுபடியும் கூப்பிட மாட்டார்கள்.

இதைச் சொல்லும்போது ஓர் எண்பதாம் கல்யாணம் நினைவுக்கு வருகிறது. விழா நாயகருக்கு மறதி நோய். பிள்ளைகளையே அடையாளம் தெரியவில்லை. மூத்த மகனை "ஸார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அவர் வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் வரவில்லை என்றார்கள். பந்தியில் அவருக்குப் பக்கத்தில் மருமகள் உட்கார்ந்து ஊட்டிவிட்டார். நான் வாளியோடு போய்ச் சோற்றில் சொதியை விட்டேன். பெரியவர் இலையைப் பார்த்தார். வலது பக்கம், இடது பக்கம், மறுபடியும் வலது பக்கம். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "இஞ்சித் தொவையல எங்கடே?" என்றார்.

துவையல்காரப் பையன் இரண்டு இலை பின்தங்கி வந்துகொண்டிருந்தான். அந்தப் பந்தியே அழுதது. மகன் எழுந்து போய்த் துவையல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்து அவரே தன் கையால் அப்பா இலையில் வைத்தார். பெரியவர் தானாகவே பிசைந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. பிள்ளைகளின் பேர் போன இடத்துக்குச் சொதியின் துணை போகவில்லை.

அது எப்படி என்று எனக்கு விளக்கியவர், அந்தக் குடும்பத்துக்கே உறவான ஒரு டாக்டர். அவரிடம் அதைக் கேட்க நேர்ந்தது வேறொரு சமயத்தில். 2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தது. கல்யாணங்களில் 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இருந்த காலம். காய்ச்சல் ஐந்து நாளில் இறங்கிவிட்டது. ஆறாம் நாள் காலையில் என் மனைவி அடுக்களையில் பால் பொங்கிக் கருகிவிட்டது என்று சத்தம் போட்டாள். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. எழுந்து போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்தேன். ஒன்றுமில்லை.

நாக்கு வேலை செய்தது. உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, மிளகாய் எரிந்தது. ஆனால் ரசம் என்பது உப்பும் புளிப்பும் எரிச்சலுமாக இருந்தது. அவ்வளவுதான். வாயில் போட்டு மெல்லும்போது வாசனை தொண்டை வழியாகப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகிறது, அதைத்தான் நாம் ருசி என்று நினைத்துக்கொள்கிறோம் என்று டாக்டர் சொன்னார். பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் மூளைக்குள் தாலமஸ் என்ற ஓர் இடத்தில் நின்றுதான் மேலே போகுமாம். வாசனை மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேராகவே போய்விடுமாம். "அதனாலதான் அண்ணாச்சி, அந்தப் பெரியவருக்குப் பேரு வரல, தொவையலு வந்துச்சு" என்றார். டாக்டர் அதோடு விடாமல், கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் தைலம் நான்கையும் தினம் இரண்டு வேளை முகர்ந்து பழகச் சொன்னார். ஒவ்வொன்றையும் முகரும்போது அதன் வாசனையை மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டுமாம்.

ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தைப் பற்றி நான் அதிகம் பேசியதில்லை. சமையல் நின்றுவிடவில்லை. கடுகு வெடிக்கிற சத்தம் காதுக்குத் தெரியும், பருப்பின் சிவப்பு கண்ணுக்குத் தெரியும், பதம் விரலுக்குத் தெரியும். பெருங்காயம் பொரிந்ததா என்பதை மட்டும் இளையவன் ஒருத்தனைப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டுக்கொள்வேன். சாப்பிட்டவர்கள் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் வீட்டில் ஒரு கவளம் இறங்காது. மூன்றாவது மாதத்தில் வாசனை தப்பும் தவறுமாகத் திரும்ப ஆரம்பித்தது. வெங்காயம் வதக்கினால் ரப்பர் எரிகிற நாற்றம். காப்பியும் அப்படியே. விடியற்காலைக் காப்பி இல்லாமல் நான் அடுப்பு பற்ற வைத்ததே கிடையாது. அந்தக் காப்பியை வாசலில் கொண்டுபோய் ஊற்றினேன்.

அம்மா இறந்து அப்போது ஒன்பது வருஷமாகியிருந்தது. அவள் வைக்கிற வெந்தயக் குழம்பை நினைத்தால் அதுவரைக்கும் வாசனையோடுதான் நினைவு வரும். அந்த மாதங்களில் குழம்பு நினைவிருந்தது, வாசனை வரவில்லை. அம்மா முகமும் கொஞ்சம் தள்ளிப் போனது போல இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தொழில் போய்விடுமோ என்றுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

டிசம்பரில் தென்காசிப் பக்கம் ஒரு கல்யாணம். ரொம்ப நாள் கழித்துப் பெரிய கூட்டம், 400 இலை. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மண்டபத்தின் பின்கட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தேன். என் ஆட்களில் ஒருத்தர் முந்தின நாள் மிஞ்சின சாம்பார், அவியல், கூட்டு, பொரியல், வத்தக்குழம்பு எல்லாவற்றையும் ஒரே உருளியில் கொட்டி, விறகுத் தணலில் வைத்துச் சுண்டக் காய்ச்சிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அதற்குச் சுண்டக்கறி என்று பேர். விசேஷ வீட்டில் உறவுக்காரர்கள் இன்னும் ஊருக்குத் திரும்பாத அந்த ஒரு நாளின் சாப்பாடு அது. யாரும் சிட்டையில் எழுதாத, யாரும் பக்குவம் சொல்லாத கறி. எதற்கும் எதற்கும் வித்தியாசம் தெரியாமல் எல்லா மணமும் ஒன்றில் ஒன்று ஏறி நிற்கும்.

அந்த வாசனை வந்தது. முதலில் புகை, பிறகு அடிப்பிடித்த அவியல், பிறகு அப்பாவின் தோள்துண்டு.

அப்பா கல்யாண வீட்டுச் சமையலை அங்கே சாப்பிட மாட்டார். எத்தனை வகை வைத்தாலும் அவருக்கு அந்த இலை பிடிக்காது. மறுநாள் ஒரு தூக்குச்சட்டியில் சுண்டக்கறியை வாங்கிக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்து, துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, அம்மா பிழிந்து வைத்த பழைய சோற்றோடு அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார். நாங்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம். ஆளுக்கு ஓர் உருண்டை உள்ளங்கையில் வைப்பார். பாத்திரத்துக்குப் பாத்திரம் மணம் ஏறக் கூடாது என்று எங்களை விரட்டிய மனிதர், தனக்கென்று தேர்ந்துகொண்ட சாப்பாடு அதுதான். அது எனக்கு அந்தப் பின்கட்டில் நின்றபோதுதான் உறைத்தது. ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுகூடத் தோன்றாமல் அடுப்போரம் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டித் திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்குள் வந்துவிட்டது. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் மூழ்கடித்தது. ஆற்றோரத் தெருக்காரர்களைப் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தங்க வைத்தார்கள். கையிருப்பில் இருந்த அரிசிச் சிப்பங்களை எடுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் போய் அடுப்பு மூட்டினோம். ஏறத்தாழ 300 பேர்.

முதல் இரண்டு நாள் எலுமிச்சைச் சாதமும் புளியோதரையும் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தோம். சீக்கிரம் கெடாது, கையில் வாங்கிக்கொண்டு எங்கேயும் உட்கார்ந்து சாப்பிடலாம். வெளியிலிருந்து ரொட்டியும் பிஸ்கட்டும் நிறைய வந்தன. பசிக்குக் குறைவில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே கிடந்ததைப் பார்த்தேன். ஒரு வகுப்பறை மூலையில், தரையில் விரித்த பிளாஸ்டிக் சாக்கின்மேல் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இரண்டு பொட்டலம், நூல்கூட அவிழ்க்கவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"எய்யா, சூடா ஒரு வாய் கஞ்சி கெடைக்குமா?" என்றார்கள்.

300 பேருக்குக் கஞ்சி என்றால் பெரிய பாத்திரம் வேண்டும். மேலப்பாளையத்தில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற பெரிய தேக்சா இரண்டு வைத்திருப்பவர். போன் அடித்தேன். ஆட்டோ வராது என்பதால் முழங்கால் தண்ணீரில் ஒரு மினி வேனை மெதுவாக ஓட்டிக்கொண்டு அவரே வந்துவிட்டார். அம்பை 16 அரிசி இருந்தது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான குண்டு ரகம், எங்கள் பக்கத்து வீடுகளில் ரொம்பக் காலமாகப் புழங்குவது. அதை நொய்யாக உடைத்து, பாசிப்பருப்பும் பூண்டும் சேர்த்துக் குழையக் காய்ச்சி, இறக்கும்போது தேங்காய்ப்பால் விட்டோம். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல்.

வரிசை வரும்போது சத்தமே இல்லை. முந்தின இரண்டு நாளும் பொட்டலம் வாங்கும்போதெல்லாம் தள்ளுமுள்ளு இருந்தது. கஞ்சிக்கு அப்படியில்லை, சூடாக இருக்கிறதே, தள்ள முடியாது. வாங்கிக்கொண்டு போய் வட்டம் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஊதி ஊதிக் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பேச்சு ஆரம்பித்தது. "எங்க வீட்டுல கஞ்சிக்குக் காணத் தொவையலுதான்" என்றார் ஒருத்தர். "எங்க அம்மா பயறு அவிச்சுப் போடுவா." "எங்க மாமியா சுட்ட கருவாடு இல்லாமக் கஞ்சியத் தொடமாட்டாவ." அந்த நேரத்தில் அவர்கள் சொன்ன அத்தனை வீட்டிலும் இடுப்பளவுக்குச் சேறும் தண்ணீருமாக நின்றுகொண்டிருந்தது. காணத் துவையலைப் பற்றிச் சொன்னவர், அதை அரைக்கிற அம்மி ஆறு அடித்துக்கொண்டு போயிருக்காது, கனம் அதிகம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாட்டி இரண்டு தம்ளர் குடித்தார்கள். மூன்றாவதுக்குக் கூப்பிட்டார்கள். போனேன்.

"இது நம்ம அம்பாசமுத்திரத்து அரிசிதானே?"

"ஆமா பாட்டி."

"நொய்ய நல்லா ஒடைச்சிருக்க. தேங்காப்பாலு கடைசிலதான் விட்டே?"

"கடைசிலதான்."

தம்ளரை மூக்குப் பக்கம் கொண்டுபோய் ஆவியை இழுத்தார்கள். ஏதோ ஒன்றைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. நான் பேசாமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"வெந்தயம் போடலியே எய்யா" என்றார்கள். "எங்க வீட்டுல கஞ்சின்னா கை நெறைய வெந்தயம் விழும். வாயில கசக்கணும். எங்க அவ்வோவுக்குக் கசந்தாத்தான் கஞ்சி."

அவ்வோ, அவர்கள் வீட்டுக்காரர், எப்போது போனார் என்று கேட்டேன். வருஷக் கணக்கு சொல்லத் தெரியவில்லை. கசப்பு எவ்வளவு என்பதை மட்டும் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார்கள்.

அன்று ராத்திரி கடை எதுவும் திறந்திருக்கவில்லை. மேலப்பாளையம் கூட்டாளியிடம்தான் மறுபடியும் கேட்டேன், அவர் வீட்டில் கஞ்சிக்கென்று வாங்கி வைத்திருந்த வெந்தயத்தை ஒரு மஞ்சள் பையில் கட்டிக் கொண்டுவந்து தந்தார். விடியற்காலையில் தேக்சாவில் உலை கொதித்ததும், ஒரு கை அள்ளிப் போட்டேன். பாட்டி காட்டின அளவு நினைவு வந்து, இன்னும் அரைக் கை.